அம்மா வலப்பக்கம் திரும்பிய நாள்

அம்மா கும்மிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றபோது, வீட்டில் நானும் அப்பாவும் நம்பவே இல்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்து, ஐம்பத்தெட்டு வயதில் நின்றவள் அவள். நின்றபின் ஆறு மாதம் டிவி முன்னால்தான் கிடந்தாள். "இனி எனக்கென்ன கண்ணு வேல இருக்குது" என்பாள். அப்படிப்பட்டவளைக் கோயில் மைதானத்தில் கேட்ட கொட்டுச் சத்தம் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"முட்டியப் புடிச்சுட்டு உக்காந்தீன்னா எனக்குச் சுடுதண்ணி கூட வெக்கத் தெரியாது, சொல்லிப்போட்டேன்" என்றார் அப்பா.

"அதையும் இப்பவே பழகிக்குங்க" என்றாள் அம்மா.

இப்போது எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் கும்மிதான். காலேஜ் பிள்ளைகளும் லேத் பட்டறை வைத்திருப்பவர்களும் பேரன் பேத்தி எடுத்தவர்களும் ஒன்றாக ஒரு மாதம் பழகுவார்கள். பிறகு ஒரே நிறச் சேலை, சட்டையில் ஊர் முன்னால் ஆடுவார்கள். அதுதான் அரங்கேற்றம். இரண்டாவது வாரமே அம்மா சமையல் செய்துகொண்டே அடி எடுத்து வைத்தாள். தோசை திருப்பும்போதுகூட அவள் கால் சும்மா இல்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. வரிசை முன்னே போய், சட்டென்று எல்லோரும் வலப்பக்கமாகச் சுற்றித் திரும்ப வேண்டும். அம்மா மட்டும் இடப்பக்கம் திரும்பிப் பக்கத்தில் இருப்பவர்மீது மோதினாள். தினமும் மோதினாள். அரங்கேற்றத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, என் வயதே இருக்கும் வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டபடியே சொன்னார்: "அம்மா, கோவிச்சுக்காதீங்க. இருநூறு பேரு ஆடறோம். ஒருத்தரு மாறுனா வரிசையே கொலஞ்சு போயிரும். நாளைக்கும் திரும்பறது வரலீன்னா நீங்க அடுத்த தடவ ஆடிக்கலாமுங்க."

அம்மாவுக்கு அதற்குள் சேலை வாங்கி, ரவிக்கையும் தைத்தாகிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். படித்தவள் செய்வதைச் செய்தேன். பெரிய தாளில் வட்டம் போட்டு, கால் வைக்கும் இடங்களுக்கு எண் எழுதி, சிவப்பு மையில் அம்புக்குறி வரைந்து சுவரில் ஒட்டினேன். எனக்கு ஒரே பெருமை. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குது அம்மணி. ஆனா இது என்ற காலுக்குத் தெரிய மாட்டேங்குது."

பிறகு அவளே யோசித்துச் சொன்னாள். மில்லில் இரண்டு மிஷின் வரிசைக்கு நடுவில் நடந்துகொண்டே அறுந்த இழையை ஒட்டுவதுதான் அவள் வேலை. மிஷின் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும். முனைக்குப் போனதும் இடப்பக்கம் திரும்பினால், எதிர் மிஷினும் வலக்கைக்கே வந்துவிடும். ஒரு ஷிப்டில் எத்தனை நூறு முறை அப்படித் திரும்பியிருப்பாள்! முப்பது வருடம் பழகிய காலை என் சிவப்பு மை எப்படி மாற்றும்?

மறுநாள் காலையில் சமையலறைக்கும் வாசலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தாள். இடக்கையை மட்டும் நீட்டி, இல்லாத நூலைப் பிடித்தாள். வாசல்வரை போய் வலப்பக்கம் திரும்பினாள். மறுபடியும் வலப்பக்கம்!

"எப்படீம்மா?" என்று கத்தியேவிட்டேன்.

"மிஷினத் தூக்கி இந்தப் பக்கம் போட்டுட்டேன் கண்ணு!"

அன்று மாலை வாத்தியார் மூன்று முறை ஆடச் சொல்லிப் பார்த்தார். மூன்று முறையும் சரி.

அரங்கேற்றத்தன்று நானும் அப்பாவும் கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் போய் நின்றோம். இருநூறு பச்சைச் சேலையிலும் சட்டையிலும் அம்மா எங்கே என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் வரிசையில் இடக்கை லேசாக முன்னால் நீண்டிருந்தது அவள் ஒருத்திக்குத்தான். கொட்டு வேகம் பிடித்தது. வரிசை முன்னே போனது.

இருநூறு பேரும் ஒரே வீச்சில் வலப்பக்கம் திரும்பினார்கள். அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாத்தியா, பாத்தியா!"

ஒரு மணி நேரம் ஆடி, வேர்வை சொட்டச் சொட்ட எங்களிடம் வந்து சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அதற்குள் விருப்பமுள்ளவர்கள் இன்னொரு ஆட்டம் ஆடலாம் என்று மைக்கில் அறிவித்தார்கள்.

"ஏம்புள்ள, ஊட்டுக்கு வாரியா இல்லியா?" என்றார் அப்பா.

"நீங்க போயி சோத்தப் போட்டுத் தின்னுங்க, நான் வாரேன்" என்றவள், சொம்பை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். இந்த முறை நேராக முதல் வரிசைக்கு.