இளவரசுவின் இடது முழங்கை

சிதம்பரத்தில் குடியிருந்து, தினமும் ரயிலேறிக் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போய்வரும் இளவரசு, நாற்பத்தெட்டு வயதுவரை முழங்கை என்றோர் உறுப்பைப் பொருட்படுத்தியவர் அல்ல. ஆனி மாதத்துக் காலை ஒன்றில் இடது கையால் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கியபோது அது தன் இருப்பைத் தெரிவித்தது. வெளிப்பக்கத்து எலும்பில் யாரோ ஆணி அடித்தது போலிருந்தது. சொம்பு உருண்டது. மனைவி சந்திரலேகா ஓடிவந்தாள்.

"என்னாச்சிங்க?"

உண்மையைச் சொல்ல அரை விநாடி அவகாசம் இருந்தது. அதை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

"மாவு வழிச்சி வழிச்சே கை போச்சி லேகா."

சந்திரலேகா வீட்டில் இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கு விற்பவள். கிரைண்டரிலிருந்து மாவை வழிப்பதும், கல்லைத் தூக்கிக் கழுவுவதும் கணவர் பொறுப்பு. அரசாங்கம் கொடுத்த வேலையைவிட அதை அவர் ஒழுங்காகவே செய்துவந்தார் என்பதைப் பதிவு செய்தாக வேண்டும்.

வலிக்குக் காரணம் மாவு அல்ல. தைப்பூசத்தன்று வடலூரில், திரை விலகி ஜோதி தெரிந்த நேரத்தில், "இனிமே ஷட்டில் மட்டையத் தொட மாட்டேன்" என்று மனைவியிடம் சத்தியம் செய்தவர் அவர். அதற்கு முந்தைய மாதம்தான் எட்டாத பந்துக்குப் பாய்ந்து, முட்டி வீங்கி, பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்திருந்தார். குளியலறைக்குத் தாங்கிப் பிடித்து நடத்தியவள் சந்திரலேகா.

சத்தியம் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றது. சித்திரையில், கோப்பு புரட்டிப் பழகிய மூளை அதையும் ஒரு கோப்பாக எடுத்துப் புரட்டியது. சத்தியம் சொந்த மட்டையைப் பற்றியது. அது பரணில் பத்திரமாக இருக்கிறது. நண்பர் ஜெயப்பிரகாஷின் மட்டை பற்றிக் கோப்பில் எந்தக் குறிப்பும் இல்லை. ஆகவே "நாலு வீதியும் நடந்துட்டு வர்றேன்" என்று காலையில் கிளம்பி, ஒரு வீதிகூட நடக்காமல் ஆடுகளத்துக்குப் போனார்.

ஜெயப்பிரகாஷின் மட்டைக்குப் பிடி மெலிசு, வலை முறுக்கு அதிகம். கையிலிருந்து நழுவாமல் இருக்க அதைக் கழுத்தை நெரிப்பது போல நெரிக்க வேண்டியிருந்தது.

"மச்சான், இரவல் மட்டையிலயே இந்த அடி! உன்னுதா இருந்தா ஊரு தாங்குமா?" என்று ஜெயப்பிரகாஷ் ஏற்றிவிட்டார். இளவரசு ஏறினார். வலி தொடங்கிய பிறகும் இரண்டு வாரம் இறங்கவில்லை.

பொய் சொன்னவரை மனைவி திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ அழுதாள். "ஆபீசு போற மனுசன மாவு வழிக்க உட்டனே, நான்லாம் பொம்பளையா?" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அன்றுமுதல் மாவும் கல்லும் அவள் கைக்குப் போயின. அவருடைய துண்டைப் பிழிந்தாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தாள். சாப்பாட்டுப் பையை ரயிலடிவரை சுமந்து வந்தாள். ஒவ்வொரு முறை மூடி திறக்கும்போதும் இளவரசுவின் நெஞ்சில் ஏதோ திருகியது. அதற்குத் தைலம் கிடைக்கவில்லை.

ஐப்பசியில் சந்திரலேகாவின் வலது முழங்கை போனது. கரண்டி தூக்க முடியவில்லை. நான்கு நாள் மாவு இல்லை. பத்து வருஷத்து வாடிக்கை பாக்கெட் மாவுக்குப் பழகிவிடுமோ என்ற பயத்தில் அவள் தூங்கவில்லை. அது யாரால் என்று தெரிந்தவரும் தூங்கவில்லை.

ஐந்தாம் நாள், கடலூர் முதுநகரில் பிசியோதெரபிஸ்ட் பிரிசில்லாவிடம் அழைத்துப் போனார். அந்தப் பெண் முழங்கையின் வெளிப்பக்கத்தை அழுத்தினாள். சந்திரலேகா துள்ளினாள்.

"எலும்பு நல்லாத்தான் இருக்குதுக்கா. மணிக்கட்ட மேல தூக்குற தசையெல்லாம் இங்கதான் வந்து எலும்புல ஒட்டுது. ஒரே வேலைய இறுக்கிப் புடிச்சி செஞ்சிக்கிட்டே இருந்தா அந்த எடம் நைஞ்சி போவும்."

"சரியாவுமாம்மா?"

"ஆவும், மாசக்கணக்குல. கைய ஒரேயடியா முடக்கிப் போடாதீங்க. வலி ஜாஸ்தியாவுற வேலைய மட்டும் நிறுத்துங்க. எதத் தூக்குனாலும் உள்ளங்கை மேல பாக்கணும். சின்னத் தண்ணி பாட்டில புடிச்சிக்கிட்டு மணிக்கட்ட மெதுவா எறக்கிப் பழகுங்க, காட்டித் தர்றேன். வெரலு மரத்துப்போனா டாக்டரப் பாத்துடணும். இப்போதைக்கு மாவு, கல்லு ரெண்டும் வேணாம். வூட்ல வேற யாருனா செய்வாங்களா?"

"அவரு செய்வாரு. அவரு கையும் என்னாலதான் போச்சி. அதையும் பாரும்மா."

பிரிசில்லா இளவரசுவின் இடது முழங்கையில் வலிக்குக் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தாள். "மாவு எந்தக் கையால வழிப்பீங்க சார்?"

சந்திரலேகா முந்திக்கொண்டாள். "சோத்துக் கைதான். பொறப்புல பீச்சாங்கைக்காரரு. ஆனா நாலு வூட்டுக்குப் போற மாவுல அந்தக் கைய வெக்க உடுவனா?"

பிரிசில்லாவின் பார்வை இடது கைப் பட்டையிலிருந்து இளவரசுவின் முகத்துக்குப் போனது. கருணையுள்ளவள். "அப்ப கல்லு தூக்குனதுல வந்திருக்கும்," என்றாள்.

"அதான்! கல்லுதான்! பாவம்," என்றாள் சந்திரலேகா.

தப்பிக்கக் கதவு திறந்திருந்தது. தலையாட்டினால் போதும். ஆனால் அந்தப் 'பாவம்' அவரை வாசலிலேயே மறித்துக்கொண்டது.

"ஷட்டில் லேகா," என்றார்.

"மட்டை பரண்லதான இருக்குது?"

"ஜெயப்பிரகாஷோடது."

பிரிசில்லா சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பவள் போல் பார்த்தாள்.

திரும்பும் ரயிலில் சந்திரலேகா ஆலப்பாக்கத்தில் பேசவில்லை, புதுச்சத்திரத்திலும் பேசவில்லை. பரங்கிப்பேட்டையில் வாய் திறந்தாள்.

"எத்தினி ஆட்டம் ஜெயிச்சீங்க?"

கைவசம் ஒரு பொய் தயாராக இருந்தது. அதை விழுங்கினார். "ரெண்டு."

"ரெண்டு ஆட்டத்துக்கு என் கையா?"

ஆற்றுப்பாலம் கடக்கும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சோத்துக் கையால வழிங்க. அதுக்கு ஒண்ணும் கேடில்ல. கல்ல நீங்க அந்தக் கையால ஒரு பக்கம் புடிங்க, நான் இந்த எடது கையால ஒரு பக்கம் புடிக்கிறேன். வூட்ல நல்ல கை ரெண்டு இருக்குது."

தாகத்துக்குப் பாட்டிலை எடுத்தாள். வலது கை மூடியைத் திருகப் பார்த்துத் தோற்றது. இளவரசு வாங்கித் திறந்து கொடுத்தார். நாலு மாதமாக அவள் அவருக்குத் திறந்து கொடுத்த அதே மூடி. அவள் நன்றி சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.