கென்யா அம்மாளுக்கு ஆனை வரவேற்பு

பெரியப்பாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவுமில்லை.

தொண்ணூறுகளில் கிழக்கேகோட்டையில் எங்கள் தெருவுக்கென்று ஓர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இருந்தது. பெரியப்பாதான் காரியதரிசி. அது எதையாவது காப்பாற்றியதாக எனக்கு நினைவில்லை. கூட்டத்துக்கு வடையும் காப்பியும் மட்டும் தவறாமல் வரும். அந்தச் சங்கத்தில் பேச, கென்யாவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். காட்டோரக் கிராமத்துக்காரர். அவரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து காட்டுக்குள் போய், யானைகளுக்கு வைத்த கம்பிக் கண்ணிகளைத் தேடி அறுத்துக்கொண்டு வருவார்களாம். ஊரில் ஏதோ மாநாட்டுக்கு வந்தவரைப் பெரியப்பா கெஞ்சி அழைத்திருந்தார்.

யானையைக் காப்பாற்றுகிறவரை எப்படி வரவேற்பது? பெரியப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு யானையை வாடகைக்குப் பிடித்துவிட்டார். நெற்றிப்பட்டம், செண்டைமேளம், உச்சிவெயில், கொதிக்கும் தார் ரோடு, காலில் சங்கிலி. பட்டுப்பாவாடையும் பூத்தட்டுமாக நான் முன்னால் நின்றேன்.

காரிலிருந்து இறங்கியவர் என் தட்டைப் பார்க்கவே இல்லை. நேரே யானையின் பின்னங்காலுக்குப் போய்க் குனிந்தார். பாகன் தடுப்பதற்குள், சங்கிலிக்கு அடியில் புண் தெரியாமலிருக்க அப்பியிருந்த கரியை விரலால் துடைத்தார். உள்ளே சீழும் சிவந்த சதையும். நிமிர்ந்து எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் கத்தினார். கண்ணில் நீர் கொட்டியது. மேளச் சத்தத்தில், பக்கத்தில் நின்ற பெரியப்பாவைத் தவிர யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பா மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கை எடுத்தார்.

"கேட்டேளா, இத்தனை லட்சணமான ஆனையை அம்மா ஜன்மத்துல கண்டதில்லையாம். சந்தோஷம் தாங்காம அழறா!"

தெருவே கை தட்டியது. புண்ணை நானும் பார்த்திருந்தேன். ஆனால் பெரியப்பா சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? தட்டைக் கீழே வைத்துவிட்டு நானும் தட்டினேன். அந்த அம்மாள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என் முறை வந்தபோது நான் சிரித்தேன். பொன்னாடையைக்கூட வாங்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

"ஆனாலும் இத்தனை கெர்வம் ஆகாது, கேட்டியா" என்றாள் பெரியம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது. யானை சாயந்தரம் வரைக்கும் அதே வெயிலில் நின்றது.

அந்த அம்மாள் கத்தியது என்ன என்பதைப் பிற்பாடு பெரியப்பாவே கல்யாண வீடுகளில் தன் சாமர்த்தியமாகச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். இந்தக் கால் அழுகுகிறது, சங்கிலியைக் கழற்றுங்கள், நிழலுக்குக் கொண்டுபோங்கள் என்றாராம். "அட்வான்ஸ் குடுத்தாச்சு. பின்னே நான் என்ன சொல்றதாம்?"

அன்றைக்கு அந்த அம்மாள் ஏன் எங்களை அப்படிப் பார்த்தார் என்று எனக்குப் புரியவில்லை. கால் அழுகுகிறது என்று தான் சொன்னதற்குத்தான் நாங்கள் கை தட்டினோம் என்று நினைத்துக்கொண்டே அவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.