என் பெயரில் எழுதிய மாத்திரை

என் கணவரின் சட்டைப் பையில் ஒரு நாள் மருந்துச் சீட்டு அகப்பட்டது. துவைக்கப் போடும்முன் பையைத் துழாவுவது என் வழக்கம். சந்தேகப் புத்தி என்பார், இருக்கட்டும். அம்பத்தூர் மனநோய் டாக்டர் ஒருவருடைய சீட்டு. அதில் என் பெயர், என் வயது. அந்த டாக்டரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

அது எண்பதுகளின் நடுவில். ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம்; அவர் ஃபேக்டரியில் கிரேன் ஓட்டினார். மனுஷன் நாலு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவார். அப்புறம் நாக்கு வறள்கிறது என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். பக்கத்தில் போய் முகர்ந்துகூடப் பார்த்தேன், சாராய வாடை இல்லை. சீட்டைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: என்னைப் பைத்தியம் என்று காகிதத்தில் காட்டிவிட்டு இன்னொரு கல்யாணத்துக்கு வழி பார்க்கிறார்.

அவர் முன்னால் சீட்டைப் போட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். அழுதார்.

"அது எனக்குத்தான். உயிரோட இருக்கவே பிடிக்கல. ஃபேக்டரி ஆஸ்பத்திரிக்குப் போனா மெடிக்கல் புக்குல ஏத்திடுவாங்க, கிரேன்லேர்ந்து இறக்கிடுவாங்க. அதான் அந்த டாக்டர்கிட்ட கெஞ்சி உன் பேர்ல எழுதி வாங்கினேன்."

இவர் போய்விட்டால் நானும் பிள்ளைகளும் எங்கே நிற்பது? என் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அதற்குப் பிறகு நானே வாங்கப் போனேன். ஆவடியில் வாங்கினால் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சாகிவிடும், அதனால் பட்டாபிராமுக்கு ரயிலேறினேன். கடைக்காரர் உச்சித் தட்டிலிருந்து டப்பாவை இறக்கித் தூசி தட்டுவார். என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். எரிச்சலாக இருக்கும். ஆனால் வீட்டில் என் கணவர் சாப்பிட்டார், மெல்ல மெல்லச் சிரிக்கவும் ஆரம்பித்தார்.

தொண்ணூறுகளில் அந்த டப்பா கைக்கெட்டும் தட்டுக்கு வந்துவிட்டது. டை கட்டிய மருந்துக் கம்பெனி ஆட்கள் புதுப்புது மாத்திரைகளோடு வந்து நின்றார்கள்.

"முன்னாடில்லாம் நீங்கோ ஒர்த்தர்தான் வாங்கிகினு போவீங்கோ. இப்போ டெய்லி கேட்டுகினு வர்றாங்கோ. பொம்பளைங்கதான் ஜாஸ்தி," என்றார் கடைக்காரர்.

நான் நம்பவில்லை. அந்தப் பொம்பளைகளில் எத்தனை பேர் தங்களுக்காக வாங்கினார்களோ. ஊரில் மனச்சோர்வு கூடிவிட்டதா, மாத்திரை விற்பவர்கள் கூடிவிட்டார்களா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் முழங்கால் வலிக்காக ஒரு புது டாக்டரிடம் போனேன். என் கணவரும் கூட வந்தார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் என் கணவர் மாத்திரையின் பேரைச் சொல்லிவிட்டுச் சொன்னார்: "மனச்சோர்வுக்கு ரொம்ப வருஷமா மாத்திரை போடறா டாக்டர்."

காலையில் அதை விழுங்கிவிட்டு வந்த மனுஷன் கொஞ்சமும் தடுமாறவில்லை. அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் ரிட்டயராக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

டாக்டர் என் முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மாதிரி இருக்கறவங்களுக்கு அங்கங்க வலிக்கிற மாதிரிதான்மா இருக்கும்," என்று சொல்லி, அதே மாத்திரையை இரண்டு வேளையாக எழுதிக் கொடுத்தார்.