அண்ணி போட்ட பாதிக் கூரை

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணிதான். கையெழுத்துப் போடும் இன்ஜினியர் அவருடைய கொழுந்தன். அவன் அண்ணி என்று கூப்பிட்டதைக் கேட்டு வரைபடம் வரைபவர்கள் கூப்பிட்டார்கள், பிறகு கட்டட கான்ட்ராக்டர்கள், கடைசியில் தண்ணீர் கேன் போடுபவரும். கல்யாணத்துக்குப் பிறகு தன் சொந்தப் பெயரை அவர் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும்தான் கேட்டிருக்கிறார். கட்டடங்களின் பலத்தைக் கணக்கிட்டுத் தரும் அந்த அலுவலகம் செருப்புக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில். கணவர் கணக்குவழக்குப் பார்ப்பார், கொழுந்தன் ஊரெல்லாம் சுற்றி வேலை பிடித்து வருவான். பிடித்து வந்த கூரை நிற்குமா விழுமா என்று பார்க்கிற வேலை மட்டும் அண்ணியின் தலையில்.

அந்த வேலைக்கு ஃபைனைட் எலிமெண்ட் என்று பெரிய பெயர். விஷயம் அவ்வளவு பயமுறுத்துவதல்ல. ஒரு முழுக் கூரை எப்படி வளையும் என்று ஒரே மூச்சில் கணக்குப் போட யாராலும் ஆகாது. அதே கூரையைக் கணினியில் உள்ளங்கை அகலத் துண்டுகளாகப் பிரித்துவிட்டால், ஒரு துண்டு எப்படி வளையும் என்று சொல்வது சுலபம். துண்டுகள் தொட்டுக்கொள்ளும் மூலைகள் பிரியாமல் சேர்ந்தே நகர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எங்கே ஊன்றியிருக்கிறது, எங்கே எவ்வளவு கனம் என்று நாம் சொல்லிவிட்டால், அத்தனை மூலைகளுக்கும் சேர்த்து விடை கண்டுபிடித்து, அழுத்தம் குறைந்த இடத்தை நீலமாகவும் மிகுந்த இடத்தைச் சிவப்பாகவும் அது காட்டிவிடும். ஆனால் அதற்குச் சொந்த புத்தி கிடையாது. கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காததைப் பற்றி வாயே திறக்காது. அண்ணிக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று கணவர் விருந்தாளிகளிடம் கேலி செய்வார். விருந்தாளிகளும் சிரிப்பார்கள்.

ஒவ்வொரு வரைபடத்தின் கீழ் மூலையிலும் ஒரு கட்டம் உண்டு. கணக்கிட்டவர் என்ற இடத்தில் கொழுந்தன் பெயர். சரிபார்த்தவர் என்ற இடத்திலும் அவன் பெயரே. தான் போட்ட கணக்கைத் தானே சரிபார்க்கும் மகா புத்திசாலி! அண்ணியும் அதே படிப்புப் படித்தவர்தான், அவனைவிட நல்ல மதிப்பெண்ணோடு. இன்ஜினியராகப் பதிவு செய்துகொள்ளப் புறப்பட்டபோது, ஒரு குடும்பத்துக்கு ஒரு கையெழுத்து போதும் என்று மாமனார் சொன்னார், கணவர் தலையாட்டினார். அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு தடவை தன் பெயர் வர வேண்டும், அதுதான் அண்ணியின் ஆசை. வெட்கத்தை விட்டுக் கொழுந்தனிடம் கேட்டும் பார்த்தார். அடுத்த வேலையில் போட்டுவிடலாம் என்றான். அடுத்த வேலைகள் வந்தன, போயின.

அப்படி வந்ததுதான் பேருந்து நிலையத்துக் கூரை. நடுவில் ஒரு வரிசைத் தூண்கள், இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் நீளும் தகடு. இந்த மாதிரி இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் இந்தத் தொழிலில் பாதிக்கு மட்டும் கணினியில் மாடல் போடுவது வழக்கம். வெட்டிய இடத்தில், இந்தப் பக்கம் நடப்பதே அந்தப் பக்கமும் நடக்கும் என்று கணினிக்குச் சொல்லிவிட்டால் போதும். நேரம் மிச்சம். படம் போடும்போது கண்ணாடியில் காட்டுவதுபோல் மறுபாதியையும் அதுவே வரைந்துவிடும். பார்ப்பவருக்கு அது முழுக் கூரை.

ஆனால் கூரை ஒன்றுபோல் இருந்தால் மட்டும் போதாது, அதன்மேல் ஏறும் கனமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இரண்டு கையிலும் ஒரே கனத்தில் பை தூக்குகிறவர் நிமிர்ந்து நடப்பார். ஒரு பையை இறக்கிவிட்டால் சாய்ந்துதான் நடப்பார். ஒரு பக்கம் மட்டும் மழைநீர் தேங்கினால் நடுத்தூண் என்ன பாடுபடும் என்பதைப் பாதி மாடலில் கேட்கவே முடியாது. இது அண்ணியின் மண்டையைக் குடைந்தது. முழுதாகப் போட இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று கேட்டார். கொழுந்தன் மறுநாளே தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். இரண்டு பக்கமும் வடிகுழாய் இருக்கும்போது தண்ணீர் எப்படித் தேங்கும் என்று சிரித்தான்.

"பாதி போதும் அண்ணி. இந்த வேலைல உங்க பேரையும் போட்டுடறேன்."

அந்தப் பேச்சில்தான் அண்ணி விழுந்தார். அதை மறைத்துப் பூசி மெழுக ஒன்றுமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாதியை முடித்துக் கொடுத்தார். நீலமும் பச்சையுமாகப் படம் அழகாக வந்தது. வரைபடம் அச்சாகி வந்தபோது கட்டத்தில் வழக்கம்போல் கொழுந்தன் பெயர் மட்டும் இருந்தது. மறந்துபோச்சு என்றான்.

இரண்டாம் மழைக்காலத்தில் ஒரு பக்க வடிகுழாயில் சருகும் பிளாஸ்டிக் பைகளும் அடைத்துக்கொண்டன. அந்தப் பக்கம் மட்டும் தண்ணீர் நின்றது. தூண்கள் அடியில் வளைந்து கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே இருந்த பழக்கடைக்காரருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார். யாரோ உதவி செய்கிற அம்மா என்று நினைத்து அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணி வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

கூரை சாய்ந்தது பற்றிய அரசு விசாரணை நாளன்று காலையில் கணவர் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவி முகத்தைப் பார்க்காமல் பேசினார். தம்பியின் பதிவு போனால் குடும்பமே நடுத்தெருவில்தான். அண்ணிக்குப் பதிவே இல்லை, பிடுங்குவதற்கு எதுவும் இல்லை.

"நீதான் போட்டேன்னு சொல்லிடு. அது பொய்யும் இல்லையே."

விசாரணை அறையில் நீளமான மேசை, அந்தப் பக்கம் அதிகாரி. கொழுந்தன்தான் முதலில் பேசினான். மாடல் முழுக்க அண்ணி போட்டது, தான் கையெழுத்து மட்டும்தான் என்றான். இந்த ஒரு வார்த்தையை வெளியாள் முன்னால் அவன் சொல்ல வேண்டும் என்று அண்ணி காத்திருந்த வருஷங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அதிகாரி அவர் பக்கம் திரும்பிப் பெயர் கேட்டார். அண்ணி சொன்னார். கணவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்க, அதிகாரி எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.

"ஆமா சார், நான்தான் போட்டேன். முழுசா போடணும்னு கேட்டேன். பாதி போதும்னு சொன்னது என் கொழுந்தன்."

அதிகாரி பேனாவை மூடினார்.

"அது உங்க வீட்டுக்குள்ள பேசிக்கிட்டதும்மா. அத எப்படி எழுதறது? போட்டது நீங்கதானே?"

எல்லோரும் ஒரே காரில்தான் திரும்பினார்கள். கணவர் ஓட்டினார், கொழுந்தன் பக்கத்தில், அண்ணி பின்சீட்டில். கார் பாதி வழி தாண்டியது. பிறகு கொழுந்தனுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு வேலை வந்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் அண்ணி மாடல் போட்டுத் தர முடியுமா என்று முன்பக்கம் பார்த்தபடியே கேட்டான்.

"போடலாம் தம்பி. யார் பேர்ல?" என்றார் அண்ணி.

கணவர் எதற்கோ ஹாரன் அடித்தார். சாலையில் குறுக்கே யாரும் இல்லை.