பச்சையார் செருகிய வரி

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் பச்சையார். மென்பொருள் சோதனைப் பிரிவின் பொறுப்பாளர். திரையில் எல்லாச் சோதனைகளும் தேறிப் பச்சை காட்டிவிட்டால் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஒன்று சிவந்தாலும் முகம் சுண்டிப்போகும். பொருள் உருப்படியாக வேலை செய்கிறதா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம்.

அவரிடம் இரண்டு வகைச் சோதனை இருந்தது. ஒன்று, அவர் கணினிக்கு வரிவரியாகக் கட்டளை எழுதிவைத்த ஸ்கிரிப்ட். தானே பட்டன்களை அமுக்கிப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, அவருடைய மச்சினி. கைபேசியை விரலால் தட்டிப் பார்ப்பாள். அவளும் பெரிய கொம்பு ஒன்றுமில்லை. பாதி நாள் கடலை கொறிப்பாள், மீதி நாள் அடுத்த மேசையில் வம்பளப்பாள்.

மருத்துவரிடம் நேரம் வாங்கித் தரும் செயலி ஒன்று தயாரானது. அது சிக்கலில்லாமல் வெளிவந்தால் துறைத் தலைவர் நாற்காலி பச்சையாருக்கு என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். அந்த நாற்காலிக்காக அவர் எதையும் செய்வார், தன் வேலையைத் தவிர.

"மாமா, பேரை அடிச்சதும் கீபோர்டு வந்து பட்டனை மறைச்சிடுது. எங்க அமுக்குறதுன்னே தெரியல" என்றாள் மச்சினி.

"கடலை தின்ன கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும். என் ஸ்கிரிப்டைப் பாரு, எல்லாம் பச்சை!"

பொய். ஸ்கிரிப்டும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுந்து சிவந்திருந்தது. செயலியைத் திருத்தச் சொல்லலாம். ஆனால் வெளியீடு தள்ளிப்போகும், நாற்காலி நழுவும். ஆகவே மகானுபாவர் ஸ்கிரிப்டில் ஒரு வரியைச் செருகினார்: முதலில் கீபோர்டை மூடு, பிறகு பட்டனை அமுக்கு. உடனே பச்சை. இந்த அற்பத்தனத்தைத் திறமை என்று நினைத்துக்கொண்டார். கையோடு, ஆள் வைத்துச் சோதிப்பதே வீண் என்று முதலாளியம்மாவிடம் ஓதி, மச்சினியை வாடிக்கையாளர் தொலைபேசி மேசைக்குத் தள்ளிவிட்டார். அன்று வீட்டில் மனைவி சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தாள். "என் தங்கச்சிதான் உங்களுக்குக் கிடைச்சாளா?" பச்சையார் தலை நிமிராமல் தின்றார்.

வெளியீட்டு நாள் காலையிலேயே செயலி ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. கூட்ட அறையில் எல்லாரும் பார்க்க, முதலாளியம்மா பல்வலியோடு இருந்த தன் கணவரிடம் கைபேசியை நீட்டினார். அவர் பெயரை அடித்தார். கீபோர்டு எழுந்து பாதித் திரையை அடைத்துக்கொண்டது.

"அப்புறம் என்ன பண்ணணும்?" என்றார் கன்னத்தைப் பிடித்தபடி.

பச்சையார் கைபேசியை எட்டிப் பார்த்தார். "கீபோர்டை மூடிட்டு அமுக்கணும் சார்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்கிரிப்டுக்குத் தெரியும் சார்."

வாய் குளறி உண்மை வெளியே வந்துவிட்டது. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"அப்ப ஊருக்கெல்லாம் நீங்களே சொல்லிடுங்க" என்றார் முதலாளியம்மா.

நாற்காலி கிடைத்தது, தொலைபேசி மேசையில், மச்சினிக்குப் பக்கத்தில். திருத்திய செயலி வரும்வரை, மணி அடிக்கும்போதெல்லாம் எடுத்து, "முதல்ல கீபோர்டை மூடுங்க, பிறகு பட்டனை அமுக்குங்க" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார். ஸ்கிரிப்டில் செருகிய வரியை இப்போது அவரே ஓட்ட வேண்டியிருந்தது.

மச்சினி கடலைப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துக்குங்க மாமா. இங்க கை எப்படி இருந்தாலும் பரவாயில்ல."