சர்க்கரை இல்லாத வீட்டில் ஒரு பூனை

எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றி எங்கள் வலியசாலைத் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரு நல்ல வார்த்தை கிடைக்காது. நானே சொல்ல மாட்டேன். பால் போட வருகிறவரின் கணுக்காலைக் கடித்திருக்கிறான். சிலிண்டர் தூக்கி வந்தவரின் புறங்கையைக் கீறியதில், நான் அவருக்கு மருந்து போட்டுக் காப்பியும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அக்ரகாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால் ஒரு வீட்டுப் பூனை தெருவுக்கே தலைவலி. தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் அவன் படம் வந்தால் அது புகாராகத்தான் இருக்கும். ஒன்பது வருஷத்தில் அவனை நான் திட்டாத நாளில்லை. அவன் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடிந்த நாளும் இல்லை.

அந்தப் பூனைக்குச் சர்க்கரை வியாதி வந்தது.

முதலில் தண்ணீர்தான். குளியலறை வாளியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குடிப்பான், குடித்த வேகத்தில் மூலைக்கு மூலை ஈரம் பண்ணுவான். தின்பது இரண்டு மடங்கானது, உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே போனது. ஒரு நாள் பின்னங்கால்களைக் குதிகால் வரைக்கும் தரையில் பதித்து இழுத்து இழுத்து நடந்தான். எனக்குப் பகீரென்றது. கட்டைப் பைக்குள் அவனை அமுக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு மலையாளிப் பெண், சின்ன வயது. ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "சேச்சி, பூச்சைக்கு ஷுகராணு. இன்சுலின் வேணும், ரெண்டு நேரமும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற விஷயமா என்று அவர் பார்த்தார். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஷுகர் உண்டு என்றேன். அது என் கணவர்.

அவருக்கு வியாதி கண்டுபிடித்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்கே நான் வீட்டிலிருந்து சீனி, வெல்லம், கற்கண்டு, தேன் எல்லாவற்றையும் வாரி அப்புறப்படுத்தினேன். பாதி வைத்துக்கொள்ளலாம், ஒளித்து வைக்கலாம் என்கிற பேச்சே கிடையாது. விருந்தாளிக்கும் சீனியில்லாத காப்பிதான். "உங்காத்துக்குக் காப்பி குடிக்க வரதுக்கு ஒரு தைரியம் வேணுமாக்கும்" என்று எதிர்வீட்டு மாமி சொல்லிக் காட்டுவாள். சொல்லட்டும். மாத்திரையிலேயே அவர் கட்டுப்பாட்டில் இருந்தார், எனக்கு அது போதும்.

பணம் அப்படி ஒன்றும் புரளவில்லை. அவர் வேலை பார்த்த கம்பெனி மூடிப் பல வருஷமாகிறது, பென்ஷன் கிடையாது. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கோவிலில் காலையும் மாலையும் வழிபாட்டுச் சீட்டு எழுதுகிறார். நான் கிழக்கேகோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் டைப் அடிக்கிறேன். இன்சுலினுக்கு எப்படியோ வழி பண்ணினேன், மனிதர்களுக்கான மருந்துதான், ஒரு குப்பி வெகுநாள் வரும். சர்க்கரை பார்க்கிற மெஷின் அவருடையதே இருந்தது. ஸ்ட்ரிப்தான் பிரச்சினை. ஒரு துளி ரத்தத்துக்கு ஒரு ஸ்ட்ரிப், அடுத்த துளிக்கு வேறொன்று. பூனைக்கு வாரத்தில் பல தடவை பார்க்க வேண்டும். மாதம் ஒரு டப்பாவுக்கு மேல் வாங்க வழியில்லை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்:

"எனக்கெதுக்குடி வாராவாரம்? நான் நன்னாத்தானே இருக்கேன். அதுக்குப் பாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பூனைக்காகத் தன் ஸ்ட்ரிப்பை விட்டுக்கொடுக்கிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

அதன் பிறகு எங்கள் காலைகள் ஒரே யுத்தம். அவன் காதைச் சூடான துணியால் ஒற்றி, ஓரத்தில் குத்தி, ஒரு சொட்டு எடுக்க வேண்டும். பழைய பெட்ஷீட்டில் அவனைச் சுருட்டி முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்வேன். இருந்தும் வாரத்துக்கு நாலு கடி எனக்கு நிச்சயம். சோறும் பாலும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்பது வருஷம் தயிர்சாதம் தின்று வளர்ந்த பிராணிக்கு, முட்டைகூட ஏறாத எங்கள் வீட்டில், சாளை மீன் வேகவைக்கத் தொடங்கினேன். பின்கட்டில் தனி அடுப்பு, தனிச் சட்டி. ஆபீஸிலிருந்து வரும்போது மீனை மூன்று கவரில் சுற்றி எடுத்து வருவேன். தெரு முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொண்டது, ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. என் வாய்க்குப் பயந்துதான்.

இத்தனை செய்தும் சர்க்கரை இறங்கவில்லை. ஒரு யூனிட்டில் தொடங்கிய டாக்டர் இரண்டாக்கினார். இறங்கவில்லை. மூன்றாக்கும்போது அவர் முகமே சரியில்லை. இதிலும் கேட்கவில்லையென்றால் வேறு ஏதோ வியாதி உள்ளே இருக்கிறது, ஸ்கேன் வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி நமக்கு எட்டாது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன்.

"இதுதான் கடைசி. மூணு யூனிட்லயும் கேக்கலேன்னா விட்டுட வேண்டியதுதான். அதுக்கு மேல நம்மால முடியாது."

அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டார். மனசு கஷ்டப்பட்டுப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நாளாகவே அவருக்குப் பக்தி கூடியிருந்தது. சாயங்காலம் கோவிலிலிருந்து வந்ததும் மொட்டைமாடிக்குப் போய் அரைமணி நேரம் ஜபம் பண்ணுவார். பூனையும் காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறிப் போகும். ஜபம் பண்ணுகிற மனுஷர் பக்கத்திலாவது அது அடங்கி இருக்கிறதே என்று நான் கீழே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று யூனிட் தொடங்கிய மூன்றாம் நாள் காலை. ஏழு மணிக்கு மீன் வைத்து ஊசி போட்டேன், முழுக்கத் தின்றான். ஒன்பது மணிக்கு ஆபீஸுக்குப் புடவை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால் குளியலறை வாசலில் பக்கவாட்டில் கிடக்கிறான். வாயோரம் எச்சில். கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தூக்கினால் துணி மாதிரி தொங்கினான். மெஷினை எடுத்துக் காதில் குத்தினேன். அவன் கடிக்கவில்லை. குத்தும்போது சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

முப்பத்தொன்று காட்டியது. சர்க்கரை ஏறவில்லை, பாதாளத்துக்கு இறங்கியிருக்கிறது. டாக்டரைப் போனில் பிடித்தேன்.

"சேச்சி, லோ ஆயிப் போச்சு. தேனோ சர்க்கரத் தண்ணியோ எடுத்து ஈறில தேய்க்கணும், இப்போத் தேய்க்கணும். வாயில ஊத்தண்டா, மூச்சுக்குள்ள போகும். தேச்சுட்டு ஓடி வாங்கோ."

சர்க்கரை. வீட்டில் ஒரு பொட்டுச் சர்க்கரை இல்லை. ஆறு வருஷமாக நான் தம்பட்டம் அடித்துக்கொண்ட வீடு. பக்கத்து வீட்டில் கேட்க வாசலுக்குத் திரும்பினேன்.

"இரு" என்றார் என் கணவர். முட்டுவலி என்று படிக்கு ஒரு தடவை நின்று ஏறுகிறவர், அன்று மாடிக்கு ஓடினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது. ஒரு எவர்சில்வர் டப்பாவோடு இறங்கி வந்து என் முன்னால் திறந்தார். உள்ளே நெய்ப்பாயசம். கோவில் நெய்ப்பாயசம், வெல்லப் பாகில் சோறு மினுமினுவென்று, மேலே நெய் உறைந்து கிடந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாகை விரலால் வழித்து அவன் ஈறில் தேய்த்தேன். கன்னத்துக்குள் தேய்த்தேன். மறுபடி தேய்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்து அவன் தலையைத் தாங்கிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம் போனது. இன்னும் கொஞ்சம் போனது. ஐந்தாவதோ ஆறாவதோ தடவை விரலை வைத்தபோது நறுக்கென்று ஒரு கடி. ஆழமான கடி, ரத்தம் வந்தது. நான் ஓவென்று அழுதேன். அப்பாடா என்று அழுதேன். என் பிராணனே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

ஆட்டோவில் போகும்போது அவர் எல்லாவற்றையும் சொன்னார். சீட்டு எழுதுகிறவருக்குத் தினம் ஒரு பங்கு பாயசம் கோவிலில் உண்டு. யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். கொடுக்கவில்லை. மாடியில் ஜபமும் நடக்கவில்லை. தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் பாதி, நெய் வாசனைக்கு ஏங்கி வருகிறவனுக்குப் பாதி. அதனால்தான் எத்தனை ஊசி போட்டும் இறங்கவில்லை. "இதுதான் கடைசி" என்று நான் சொன்னதைக் கேட்டதும் பயந்து போய்விட்டார். அன்று சாயங்காலத்திலிருந்து பூனைக்கு ஒரு பருக்கைகூடக் கொடுக்கவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் திருந்திவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும், எனக்குத் தெரியவே வேண்டாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நானோ பாயசத்துக்குச் சேர்த்து ஏற்றிய ஊசியைப் பாயசமில்லாத உடம்புக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாயசத்தைப் பற்றி நான் சொன்னதும், டாக்டர் அவனுக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே, "ஆராணு கொடுத்தது?" என்று கேட்டார். நான் சொல்லப் போனேன். அதற்குள், "ஞானாணு" என்று தன்னையே காட்டினார் என் கணவர். அந்தச் சின்னப் பெண் அவரை மலையாளத்தில் பிடி பிடியென்று பிடித்தார். நான் ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை. எனக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது. மருந்தை மறுபடி ஒரு யூனிட்டுக்கு இறக்கி, சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். "கையை நீட்டுங்கோ."

"நாளைக்கு அதுக்குப் பாக்கணுமோல்லியோ. ரெண்டுதான் பாக்கி இருக்கு."

"நீட்டுங்கோ."

நீட்டினார். மெஷின் காட்டிய எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் டப்பாவைச் சுவரில் அடித்திருப்பேன். ஏன் சொல்லவில்லை, இத்தனை மாதம் ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள் என்று கத்தினேன். அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டு, "உனக்கு ஒரு நோயாளி போறும்னு தோணித்து" என்றார். சாக்குப்போக்கு என்று எனக்குத் தெரியும். பாதி உண்மை என்றும் தெரியும். மறுநாள் முழுக்கத் திட்டினேன். அதற்கடுத்த நாள் இருவருமாக லாபுக்கும் அவருடைய டாக்டரிடமும் போனோம், மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். கோவிலில் தன் பங்குப் பாயசம் வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கும் இறங்கியது, மெதுவாக.

பூனைக்கு வேகமாக இறங்கியது. ஒரு யூனிட் அரை ஆனது. காலையில் அவன் காதிலிருந்து வரும் சொட்டு ஒவ்வொரு நாளும் நல்ல சேதியாக இருந்தது. நான் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டே எனக்குள் சிரித்துக்கொள்வேன். கால்கள் நேராயின, அலமாரி மேல் ஏறினான், எதிர்வீட்டு மாமியின் அப்பளத்தை நாசம் பண்ணினான். வாட்ஸப் குழுவில் மறுபடி அவன் படம் வந்தது. அதைப் பார்த்து இந்தத் தெருவில் மகிழ்ந்தவள் நான் ஒருத்திதான்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் எல்லாக் குறிப்பையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இனி ஊசி வேண்டா" என்றார். பூனைகளுக்குச் சிலசமயம் இப்படி வியாதி அடங்கிவிடுமாம். திரும்பியும் வரலாமாம், சாப்பாட்டை மாற்றக்கூடாது, அப்பப்போ பார்க்க வேண்டும். ஆனால் இன்றைக்கு வேண்டாம். எனக்கு மார்பிலிருந்து ஒரு அம்மிக்கல்லை எடுத்து வைத்தாற்போல இருந்தது. எழுந்து நன்றி சொன்னேன்.

என் கணவர் எழுந்திருக்கவில்லை. பூனை இருந்த பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு மாதமும் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் திட்டும்போதெல்லாம் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். இப்போது டாக்டர் எதிரிலேயே அவர் முகம் கோணியது.

"நான் கொன்னுட்டேன்னு நினைச்சேன்" என்றார். "தினம் காலம்பற எழுந்து, மூச்சு இருக்கான்னு போய்ப் பார்ப்பேன். நீ எழுந்துக்கறதுக்கு முன்னாடி."

பையை அவர் மடியிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். இன்னொரு கையால் அவரைப் பிடித்து எழுப்பினேன்.