ஸ்டோர் பக்கம் சாயும் பந்து

எங்கள் தோட்டத்து விளையாட்டுத் திடலை முதன்முறையாகப் பார்ப்பவர்கள், அதனைத் திடல் என்று ஒப்புக்கொள்ளச் சற்றே தயங்குவார்கள். வட்டகொடைப் புகையிரத நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால், தேயிலைத் தொழிற்சாலைக்கும் ஓடைக்கும் நடுவில், காயப்போட்ட கம்பளியைப் போல மலைமீது சாய்ந்து கிடக்கும் புல்தரை அது. தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். ஆகவே திடலின் மேல்விளிம்பு ஸ்டோர் பக்கம். கீழ்விளிம்பு ஓடைப் பக்கம். கோல் கம்பங்கள் சரிவுக்குக் குறுக்கே நின்றபடியால் எந்த அணிக்கும் ஏற்றம் இறக்கம் என்ற பேதம் கிடையாது. இரு அணிக்கும் ஒரே நீதிதான்: நேராக உதைத்த பந்து நேராகப் போகாது, ஓடைப் பக்கம் நழுவும். கூட்டாளிக்குப் பந்து கொடுக்க விரும்புகிறவன் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவனுக்கு மூன்று எட்டு தள்ளி, ஸ்டோர் பக்கமாக உதைக்க வேண்டும். அப்போது பந்து சரிவில் வளைந்து வந்து சரியாக அவன் காலடியில் சேரும். ஆட்டம் தொடங்குவதற்காக நடுவில் வைக்கும் பந்துகூடத் தானாக நிற்காது. விசில் ஊதும்வரை ஒருவன் அதனைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொள்வான்.

இந்தத் திடலில்தான் என் மகன் ஓடப் பழகினான். இன்று அவன் உதைபந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்ட வீரன். இதனை நான் பெருமைக்காக எழுதவில்லை. பெருமை இல்லாமலும் எழுதவில்லை.

நான் முப்பது வருடங்களுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோக, மீதித் தமிழைச் சங்கக் கடையில் சாமான் சுற்றித் தந்த பத்திரிகைத் தாள்களிலிருந்து கற்றுக்கொண்டேன். உதைபந்தாட்டத்தைக் கற்றுக்கொண்டதோ தேயிலைச் செடிகளுக்கு அடியில். ஓடைப் பக்கம் நழுவிய பந்து விளிம்பைத் தாண்டினால் நாலாம் நம்பர் மலை எனப்படும் எங்கள் தேயிலைப் பகுதிக்குள்தான் வந்து விழும். உதைத்தவனே இறங்கி எடுக்க வேண்டும் என்பது திடலின் சட்டம். அவன் தேடிக் கிடைக்காமல் போன பந்து, மறுநாள் கொழுந்து பறிக்கும் எங்களில் ஒருத்தியின் கையில் அகப்படும்.

அப்படி ஒருநாள் எனக்கு அகப்பட்ட பந்தைப் பைக்குள் போட்டு, மேலே கொழுந்தைப் பரப்பிக்கொண்டு நிறுவைக்குப் போனேன். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பையைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே கையை விட்டார்.

“என்னக்கா இது, எந்த மலைக் கொழுந்து? உருண்டையா இருக்கு!”

“முத்திப்போச்சுங்க ஐயா. அதான் உருண்டுருச்சு.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் தராசு முள்ளே ஆடியது. ஐயா பந்தை எடுத்து, சப்பாத்துக் காலால் திடலை நோக்கி ஓங்கி உதைத்தார். அது பாதி வழி ஏறி, திரும்ப உருண்டு வந்து அவர் காலடியிலேயே நின்றது. அன்றிலிருந்து அவர் எங்கள் ஆட்டங்களுக்கு நடுவராக வரத் தொடங்கினார். பந்தின் மீது அவருக்கு ஏதோ தீராத கோபம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

சுற்றுவட்டாரத்தில் எங்கள் திடலே பெரியது. பள்ளிக்கூடப் போட்டியும் தோட்டங்களுக்கிடையிலான போட்டியும் இங்கேதான் நடந்தன. ஆகையால் என் மகன் பத்தொன்பது வயது வரை வேறெங்கும் ஆடியதில்லை. இந்த உண்மையின் கனத்தை அப்போது நாங்கள் எவரும் உணரவில்லை. கொழும்புக் கழகம் ஒன்றுக்காக ஆள் பார்க்க வந்த ஒருவர், அவன் பந்து வளைந்து வளைந்து கூட்டாளிகளின் காலைத் தேடிப் போவதைக் கண்டு, அவன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

ஞாயிற்றுக்கு மறுநாளோ, அதே கொழும்பில் ஒரு துணிக்கடையில் அவன் வேலைக்குச் சேர வேண்டிய நாள். என் கணவரின் சித்தப்பா மகன் பேசி முடித்துவைத்த இடம் அது. தேர்வில் எடுத்தால் பந்து, எடுக்காவிட்டால் துணி. இரண்டில் ஒன்று ஞாயிறு மாலைக்குள் தெரிந்துவிடும். பையின் அடியில் ஆட்டச் சப்பாத்தையும், மேலே கடைக்கென்று புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டையையும் வைத்தேன். சட்டை கசங்காமல் இருக்க வேண்டும் என்று மடித்தேன். அதைப் போடும் நாள் வராமல் இருக்க வேண்டும் என்றும் மடித்தேன்.

நானும் கணவரும் மகனும் புறப்பட்டோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மதினியும் கூடவே ரயிலேறிவிட்டார்.

“மதினி, நீங்க எதுக்கு?”

“நான் கடல் பாக்கப் போறேன். ஒம் மகன் போற எடத்துக்குப் பக்கத்துலதான கடல் இருக்கு? அப்ப ஒரே செலவாப் போச்சு.”

கொழும்புத் திடலைக் கண்டதும் என் கணவர், “அடியே, இது என்னா, இஸ்திரி போட்டு வச்சிருக்கானுங்களா?” என்றார். தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அப்படியே நிற்கும், அவ்வளவு மட்டமான தரை. ஒருபுறம் பெரிய தகரக் கூரையுடன் பார்வையாளர் மண்டபம் உயர்ந்து நின்றது. மறுபுறம் கம்பிவேலி, அதன் ஓரத்தில் இறால் வடை வண்டி ஒன்று. நாங்கள் வேலியோரம் நின்றுகொண்டோம்.

தேர்வுக்கு வந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி ஆடவைத்தார்கள். தொடக்கத்திலேயே ஒரு சிரிப்பு. நடுவில் வைத்த பந்தை என் மகன் வழக்கம்போலக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டான். பந்து ஓடிப்போய்விடுமோ என்று அஞ்சுபவனைக் கொழும்பு அதுவரை கண்டதில்லை.

பிறகு சிரிக்க முடியவில்லை. அவன் கொடுத்த முதல் பந்து கூட்டாளிக்கு மூன்று எட்டு வலப்புறமாகப் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது எதிரணிக்காரனின் காலில் போய்ச் சேர்ந்தது. அவனோடு முன்வரிசையில் ஆடிய காலி நகரப் பக்கத்து நெட்டைப் பையன் ஒவ்வொரு தடவையும் தலையில் கை வைத்தான்.

“என்னைப் பார்க்கிறாய், அங்கே உதைக்கிறாய்! உன் கண்ணுக்கும் காலுக்கும் ஏதாவது சண்டையா?” என்று அவன் சிங்களத்தில் கத்தியது வேலி வரைக்கும் கேட்டது.

“பயந்துட்டான் புள்ள,” என்றார் கணவர்.

“மூச்சு வாங்குது போல. கடல் காத்து ஒத்துக்கலயோ என்னமோ,” என்றார் மதினி.

கழகத்தின் பயிற்றுவிப்பாளர் கையிலிருந்த தாளில் எவருடைய பெயரையோ கோடிட்டு அடித்தார். அது எவர் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வெள்ளைச் சட்டை கண்முன்னே தெரிந்தது.

பக்கம் மாற்றி ஆடத் தொடங்கினார்கள். இப்போது அவன் பந்துகள் யாவும் இடப்புறமாகப் பிசகின. வலது இடதானது ஏன் என்று யோசித்தபடி தலையை நிமிர்த்தினேன். அந்த மண்டபம் அசையாமல் அங்கேயே நின்றது. முன்பும் பந்து மண்டபத்துப் பக்கம். இப்போதும் மண்டபத்துப் பக்கம். எங்கள் ஸ்டோரைப் போலவே தகரக் கூரை, அதே உயரம், அதே நீளம்!

அடுத்த இடைவேளையில் வேலியைப் பிடித்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டேன். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வியர்வையோடு ஓடி வந்தான்.

“அம்மா, என்னான்னே தெரியலம்மா. பந்து திரும்பி வரவே மாட்டேங்குது.”

“அடேய், அது ஸ்டோர் இல்லடா!”

“எதும்மா?”

“அந்தா, அந்தக் கட்டடம்! அத ஸ்டோருன்னு நெனச்சுக்கிட்டு அந்தப் பக்கமாவே ஏத்தி ஏத்தி அடிக்கிற. இங்க எதுக்குடா ஏத்தணும்? தரை மட்டமாக் கெடக்கு!”

அவன் மண்டபத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த பந்தைக் கீழே வைத்து, காலை மெதுவாக எடுத்தான். பந்து வைத்த இடத்திலேயே நின்றது.

“அம்மா! இது ஓடவே மாட்டேங்குதும்மா!”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிள்ளையின் வாழ்வு கைநழுவும் வேளையில் வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் அப்படிச் சிரிக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். வயிறு வலிக்கும்வரை சிரித்தேன்.

காரணம் தெரிந்துவிட்டதால் இனித் திருத்திக்கொள்வான் என்று நம்பினேன். திருத்தினான், அளவுக்கு மீறித் திருத்தினான். அடுத்த பந்து மண்டபத்துக்கு நேர் எதிர்ப்புறமாகச் சீறி வந்து, வேலியைத் தாண்டி, இறால் வடை வண்டியின் மூடியைத் தட்டிவிட்டது. வடைக்காரர் எங்களை முறைத்தார். மதினி சற்றும் தயங்காமல், “எங்களுக்கு அந்தப் பையன யாருன்னே தெரியாதுங்க,” என்றார்.

அப்போதுதான் அந்த நெட்டைப் பையன் ஓடி வந்து என் மகனின் இரு தோள்களையும் பிடித்து உலுக்கினான்.

“திருத்தாதே! உன்னை யார் திருத்தச் சொன்னது? நீ எங்கே பார்த்தால் பந்து எங்கே வரும் என்று இப்போதுதான் படித்து முடித்தேன். பழையபடியே உதை!”

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை. என் மகன் ஓர் இடத்தைப் பார்ப்பான். எதிரணியினர் இருவர் அந்த இடத்துக்குப் பாய்வார்கள். பந்தோ அவர்களுக்கு மூன்று எட்டு மண்டபத்துப் பக்கமாகப் போகும். அங்கே நெட்டையன் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பான். ஒரு கோல். மறுபடி அதே பார்வை, அதே பாய்ச்சல், அதே வெற்றிடம். இன்னொரு கோல். எதிரணியினர் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். என் கணவர் வடைக்காரரைக் கட்டிப்பிடித்தார். அந்த மனிதரும் கோபத்தை மறந்து இலவசமாக ஒரு வடை கொடுத்தார்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்றுவிப்பாளர் எங்களிடம் வந்து, சிங்களத்தில் மரியாதையாகவே கேட்டார்.

“அம்மே, பார்ப்பது ஓரிடம், உதைப்பது ஓரிடம். எதிரே நிற்பவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இதை யார் பழக்கியது?”

மலைதான் பழக்கியது என்ற உண்மையைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தமக்குத் தெரிந்த சிங்களத்தில், “நாங்கள் வேண்டுமென்றே பழக்கினோம் மாத்தயா, சிறு வயதிலிருந்து,” என்றார்.

“ஹரி, சரி. திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லுங்கள்.”

“திங்கட்கிழமை அவனுக்கு வேறொரு வே—”

நான் அவர் பாதத்தை மிதித்தேன். முப்பது வருடம் மலையேறிய கால், மிதித்தால் மிதித்ததுதான். அவர் உடனே, “வருவான் மாத்தயா, வருவான்,” என்று முடித்தார்.

அன்று மாலை மதினிக்குக் கடல் காட்டப் போனோம். அலையைப் பார்த்து அவர் வாய்பிளந்து நிற்கையில், மகன் ஈர மணலில் பந்தை வைத்தான். அது கடலை நோக்கி மெல்ல உருளத் தொடங்கியது.

“அம்மா! இங்க ஓடப் பக்கம் இருக்கு!” என்று கூவிக்கொண்டு ஓடினான். மதினியைப் பார்த்தபடியே மூன்று எட்டு மேட்டுப் பக்கமாக உதைத்தான். பந்து வளைந்து இறங்கி, அவர் காலடியில் வந்து நின்றது. “ஐயோ, இது என்னைத் தேடிக்கிட்டு வருது!” என்று அவர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதைக் கடற்கரை முழுவதும் வேடிக்கை பார்த்தது.

அந்தக் கழகத்தில் மகன் ஐந்து பருவங்கள் ஆடினான். முதல் பருவத்தில் பெரும்பாலும் ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் பருவத்தில் நெட்டையனும் அவனும் இல்லாமல் அணி இறங்கவில்லை. மட்டத் தரையில் நேராக உதைக்கக் கற்றான். வேண்டும்போது மட்டும் பழையபடி ஏமாற்றவும் கற்றான். பின்னர் மாலைதீவில் ஒரு கழகம் அவனை அழைத்தது. அங்கிருந்து முதல்முறை பேசும்போது, “அம்மா, இங்க மேடுங்கிற ஒண்ணே கெடையாதும்மா. ஆளுங்க நிக்கிறதுதான் ஒசரம்,” என்றான். இப்போது அங்கே இரண்டாவது கழகத்தில் ஆடுகிறான்.

சென்ற தோட்டத் திருவிழாவுக்கு விடுமுறையில் வந்தான். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் போட்டி. வயதேறிய கண்டாக்கு ஐயாவே விசிலோடு வந்துவிட்டார். எல்லைக் கோட்டில் கொடி பிடித்து நின்ற என் கணவர், துணிக்கடை வாசலையே காணாத அந்த வெள்ளைச் சட்டையை அணிந்திருந்தார்; வயிற்றுப் பொத்தான் மட்டும் ஒத்துழைக்கவில்லை. ஊரே மூச்சடக்கிக் காத்திருக்க, என் மகன் முதல் பந்தைக் கூட்டாளிக்கு உதைத்தான். அழகாக, நேராக, ஒரு மயிரிழை பிசகாமல் உதைத்தான்.

பந்து கூட்டாளியைக் கண்டுகொள்ளாமல் ஓடைப் பக்கம் நழுவி, விளிம்பைத் தாண்டி, நாலாம் நம்பர் மலைக்குள் விழுந்தது.

மலையே சிரித்தது.

“ஸ்டோர் எந்தப் பக்கம்னு மறந்துபோச்சா தம்பி?” என்று கண்டாக்கு ஐயா வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டுக் கேட்டார். “சட்டம் தெரியும்ல? எறங்கு, எறங்கு!”

கடல் கடந்து ஆடும் வீரன் தலையைச் சொறிந்துகொண்டு தேயிலைக்குள் இறங்கினான். நானும் விளிம்புக்குப் போய் நின்றேன்.

“எங்கம்மா விழுந்துச்சு?” என்று இடுப்பளவு செடிக்குள் நின்றபடி கேட்டான்.

“ரெண்டாவது வரிசை, அந்தச் சவுக்கு மரத்துக்குக் கீழ. எப்பவும் அங்கதான் விழும்,” என்றேன்.

அங்கேதான் கிடந்தது.